ரத்தம் கொதிக்கும்போது ஷேர் வேண்டாம்

ஒரு வீடியோவைப் பார்த்ததும் ரத்தம் கொதிக்கிறது, விரல் தானாக ஷேர் பட்டனுக்குப் போகிறது என்றால், அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். 2017-இல், எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் ஃபேஸ்புக் அல்காரிதம், கோபம் உட்பட எமோஜிகளுக்கு லைக்கைவிட 5 மடங்கு மதிப்புக் கொடுத்தது. திட்டுவதற்காக நாம் தட்டிய கோபமே அந்தப் பதிவை இன்னும் பலர் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதலில் கமெண்ட்டுகளைத் திறக்காதீர்கள். வரிசையாகப் பத்துப் பேர் திட்டியதைப் படித்த பிறகு நமக்கென்று ஒரு கருத்து மிஞ்சுவது கஷ்டம். வெட்டி எடுத்த 20 நொடித் துண்டு என்றால் முழு வீடியோவைத் தேடுங்கள். அப்புறம், எழுத நினைத்ததை போன் நோட்ஸில் எழுதிவைத்து மறுநாள் காலையில் படியுங்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல முடிகிற வார்த்தையை மட்டும் போடுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் அத்தனை வசவுகளையும் தனியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்.