தகரக் கூண்டும் ஐந்து சிறுவிடைக் கோழிகளும்

திருநகர் வீட்டின் பின்புறம் பத்தடிக்கு எட்டடி மண் இருக்கிறது. அங்கே சிறுவிடை என்ற சிறிய உடல் நாட்டுக்கோழிகளை வளர்க்க ஒரு ஆயத்தக் கூண்டு வாங்கினேன். தகரக் கூரை, பச்சை வர்ணம், பார்க்க பொம்மை வீடு போல இருந்தது. "இதற்குப் பஞ்சாரமே மேல்" என்றார் அப்பத்தா, கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையைச் சொல்லி. நான் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் தகரம் கொதித்தது. ஐந்து கோழிகளும் அலகைப் பிளந்து, இறக்கையை விரித்து மூச்சு வாங்கின. கோழிக்கு வியர்க்காது, அப்படித்தான் சூட்டை வெளியேற்றும். அதை விடப் பெரிய அடி ஒரு வெள்ளிக்கிழமை இரவில் விழுந்தது. மரநாய் ஒன்று அறுகோணக் கோழிவலையைக் கடித்துப் பிய்த்து, புள்ளிப்பெட்டையைக் கொண்டுபோய்விட்டது. காலையில் வலையோரம் நாலு இறகுகள்தான் மிச்சம்.

அந்த வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, எதிரியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை வாங்கி, அடிப்பக்கம் உட்பட நான்கு புறமும் அடித்தேன். கூண்டை இரண்டடி உயரக் கால்களில் ஏற்றினேன். எச்சம் கீழே விழுந்துவிடுகிறது. கத்தரிச்செடிக்கு மக்க வைத்துப் போடுகிறேன். தகரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தேன். உள்ளே குறுக்காக ஒரு கழி. இரவில் அதில்தான் வரிசையாக உட்காருகின்றன. கொக்கிக்குப் பதில் தாழ்ப்பாள்.

வாங்குகிறவர்கள் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது கணக்கிடுங்கள். அப்பத்தா இன்னும் பஞ்சாரத்தைத் தூக்கிப் போடவில்லை. குஞ்சு பொரித்த பெட்டையை அதில்தான் கவிழ்க்கிறார்.