பட்ஜெட் கேமிங் கணினிக்கு கிராபிக்ஸ் கார்ட் எடுப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு

கடையில் போய் நல்ல கார்ட் ஒன்று கேட்டால் பெரும்பாலும் அதன் மெமரி எத்தனை ஜிபி என்ற கணக்கில்தான் பேச்சுத் தொடங்கும். "தம்பி, இது 8 ஜிபி, எல்லா கேமும் ஓடும்." அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் காசை எண்ணிக் கொடுத்தால், கார்ட் வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றக் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். அந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடுவதற்குத்தான் இந்தப் பதிவு.

விலை எதுவும் எழுதவில்லை. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதைப் பார்த்த நமக்கு, இறக்குமதிச் சாமானின் விலையை எழுதிவைப்பது வீண் வேலை என்று தெரியும். முழுக் கணினிக்கும் ஒதுக்கிய காசில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூட, கார்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: என்ன கேம், எந்த மொனிட்டர்?

நீங்கள் உண்மையாகவே விளையாடுகிற மூன்று நான்கு கேம்களின் பெயரை எழுதுங்கள். யூடியூபில் பார்த்து ஆசைப்பட்டவை வேறு பட்டியல். வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, மைன்கிராஃப்ட் என்று பட்டியல் முடிந்தால் 4 ஜிபி மெமரி உள்ள சின்னக் கார்டே போதும். வலோரண்ட் மாதிரி கேம்களில் கார்டை விடப் புரொசஸர்தான் அதிகம் பாடுபடும். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேம்களும் வேண்டும் என்றால் 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

அடுத்தது மொனிட்டர். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்ட் 140 படம் தந்தாலும் அதில் பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்கு வராது. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள், 2560க்கு 1440 என்றால் 36.9 இலட்சம். கார்டின் வேலையும் அதற்கேற்பக் கூடும். பட்ஜெட் கணினிக்கு முதலாவதே போதும்.

மொனிட்டரில் பழைய விஜிஏ சொக்கெட் மட்டும் இருந்தால், இன்றைய கார்ட்களில் அது இல்லை. எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றும் சின்னக் கன்வேர்ட்டர் ஒன்றையும் கணக்கில் சேருங்கள்.

படி 2: பவர் சப்ளையைத் திறந்து பாருங்கள்

நம் பக்கம் கார்ட் தெரிவு பிழையாகிப் போவது அநேகமாக இங்கேதான். கேசிங்கோடு "இலவசமாக" வருகிற பவர் சப்ளையின் பக்கத்தில் பெரிதாக 500 வோட்ஸ் என்று ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காதீர்கள். அதே ஸ்டிக்கரில் உள்ள அட்டவணையில் +12 வோல்ட் என்ற வரிசைக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வோட்ஸ்தான். கார்டும் புரொசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட் வரிசையில் இருந்துதான். மற்ற வரிசைகளைக் கூட்டிச் சொல்லும் 500 உங்களுக்கு உதவாது.

இனி கார்டின் பக்கம். மதர்போட்டின் சொக்கெட்டில் இருந்து ஒரு கார்ட் 75 வோட்ஸ் வரை எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்குத் தனி வயர்: 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150. (ஜிடி, ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்று தொடங்குபவை என்விடியா கம்பனியின் கார்ட்கள், ஆர்எக்ஸ் ஏஎம்டியுடையவை.) ஜிடிஎக்ஸ் 1650 கார்ட்களில் பலவும், ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகையும் தனி வயர் இல்லாமலே ஓடும். ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வோட்ஸ், ஆர்டிஎக்ஸ் 3060 170, பழைய ஆர்எக்ஸ் 580 என்றால் 185.

ஆர்எக்ஸ் 6600ஐயும் 65 வோட்ஸ் வகைப் புரொசஸரையும் சேர்த்து, மற்றவற்றுக்கு ஒரு 50 வைத்தால் 250ஐத் தொடும். 12 வோல்ட் வரிசையில் 35 அம்பியர் வரை தருகிற, தரமான 450 வோட்ஸ் பவர் சப்ளை இதற்குத் தாராளம். உங்களிடம் உள்ளது அப்படி இல்லை, புதிதாக எடுக்கவும் காசில்லை என்றால், தனி வயர் வேண்டாத கார்டோடு நின்றுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் வயரை 8 பின்னாக மாற்றித்தரும் மலிவான அடப்டரைப் பூட்டிப் பெரிய கார்டை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வயர் உருகி மணக்கத் தொடங்கும்போது கார்ட் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

கரண்ட் அடிக்கடி போய் வருகிற ஊர் என்றால் யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு யூபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து.

படி 3: மதர்போட், புரொசஸர், கேசிங்

கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் பார்த்து, கேசிங்கை அளந்துகொள்ளுங்கள். கழித்துவிட்ட ஒபிஸ் கணினி வாங்கி அதில் கார்ட் போட நினைப்பவர்கள் இன்னும் கவனம். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010இன் சின்ன உருவத்தில் 240 வோட்ஸ், டவரில் 275 வோட்ஸ் பவர் சப்ளைதான் உண்டு. சின்ன உருவத்துக்கு உயரம் குறைந்த கார்ட் மட்டுமே நுழையும்.

இன்டெல் ஆர்க் கார்ட் விலைக்கு நல்ல வேகம் தரும். ஆனால் மதர்போட்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்டின் மெமரி முழுவதையும் புரொசஸர் ஒரேயடியாக அணுக விடுவது) இல்லாவிட்டால் வேகம் நன்றாக விழும். பழைய ஒபிஸ் போட்களில் அது இராது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 இரண்டும் மதர்போட்டோடு நான்கே பாதைகளில் பேசுபவை. கார்ட் செருகும் பிசிஐஇ சொக்கெட் பழைய 3ஆம் தலைமுறையாக உள்ள போட்டில் போட்டால் மூச்சு வாங்கும். அவற்றில் வீடியோவைப் பதிவாக்கும் பகுதியும் இல்லை, யூடியூப் சனல் நடத்துகிறவர்களுக்குச் சரிவராது.

படி 4: ஒரே பெயர், வேறு கார்ட்

பெட்டியில் உள்ள பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். இது கள்ளச் சரக்கு இல்லை, கம்பனிகளே செய்கிற வேலை. ஜிடி 1030 இரண்டு விதமாக வந்தது: ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4 உள்ளது சுமார் 17 ஜிபிதான். ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி வகையை விட 8 ஜிபி வகை மெமரியில் மட்டுமல்ல, வேகத்திலும் குறைவு. 3050இலும் 8 ஜிபியும் 6 ஜிபியும் ஒன்றல்ல. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரோடு 2048எஸ்பி என்று ஒட்டியிருந்தால் அது நடைமுறையில் 570. அதற்கு 570இன் விலையைக் கொடுங்கள், பிரச்சினையில்லை.

ஆகவே கடைக்காரர் சொல்லும் பெயரைக் கேட்டுவிட்டு, பெட்டியில் உள்ள முழு மொடல் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் இருந்து தேடுங்கள். அன்றைக்கே வாங்க வேண்டும் என்ற அவசரம் கடைக்குத்தான் இருக்கும்.

படி 5: புதிதா, பாவித்ததா?

புதிய மலிவுக் கார்டை விடப் பாவித்த நடுத்தரக் கார்ட் வேகமாக இருக்கும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையை இனி விலை மிகக் குறைவாக இருந்தால் மட்டும் பாருங்கள். புது கேம்களுக்கான டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதற்கு 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. 2022 செப்டெம்பரில் ஈதரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்ட்களை ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் சுரங்கமுறையைக் கைவிட்டதும் இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். விசிறியும் உள்ளே சூட்டைக் கடத்த ஒட்டிய பேஸ்டும்தான் முதலில் போகும், இரண்டையும் மாற்றலாம்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரத்தில் பாவித்த கார்ட் என்றால் ஒன்றை முக்கியமாகப் பாருங்கள்: பின்னால் உள்ள தகட்டிலும் ஸ்க்ரூக்களிலும் எச்டிஎம்ஐ வாயிலும் துரு. உப்புக் காற்று வெளியே தின்றிருந்தால் உள்ளேயும் போயிருக்கும். அதை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைந்தாலும்.

நேரில் பார்க்க முடிந்தால் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். பழைய கார்டைப் புதிய பெயரில் மாற்றியிருந்தால் பல தடவை அதுவே கண்டுபிடித்துக் காட்டிவிடும். அப்புறம் கார்டை முழுச் சுமையில் வைத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை 10 நிமிடம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, விசிறி கரகரக்கிறதா என்று பாருங்கள்.

கொழும்பில், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் தெரிவு அதிகம். போய்வருகிற யாரிடமாவது சொல்லி எடுப்பதும் நம் ஊரில் சாதாரணம். மட்டக்களப்புக்காவது ரயில் உண்டு, அம்பாறை மாவட்டத்துக்கு அதுவும் இல்லை. திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது என்றால் பஸ்தான். அந்தச் செலவையும் அலைச்சலையும் வைத்துப் பார்த்தால், உள்ளூர்க் கடையில் சில ஆயிரம் கூடக் கொடுத்து வரண்டியோடு எடுப்பது பல நேரம் லாபம். வரண்டி கொடுப்பது கடையா, இறக்குமதி ஏஜன்டா என்று கேட்டு, பில்லில் சீரியல் நம்பரை எழுத வையுங்கள்.

படி 6: என் தெரிவு

தரமான பவர் சப்ளை இருந்தால் ஆர்எக்ஸ் 6600, பாவித்ததானாலும் சரி. அதே ரகத்து 3050ஐ விட வேகம், 3060க்குக் கிட்ட வரும். கரண்டும் குறைவாகக் குடிக்கும். ப்ளெண்டர் மாதிரி 3டி மென்பொருளில் வேலையும் செய்கிறவருக்கு 3060இன் 12 ஜிபி. பவர் சப்ளை பலவீனம் என்றால் 3050இன் 6 ஜிபி, அதற்கும் கீழே 1650. எதற்கும் காசு போதவில்லை என்றால் ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள புரொசஸரோடு தொடங்குங்கள். அதற்கு ரேம் இரண்டு துண்டாகப் போட வேண்டும், ஒரே துண்டு என்றால் வேகம் நன்றாகக் குறையும்.

படி 7: பூட்டுதல்

பிளக்கைக் கழற்றி, கேசிங்கின் உலோகத்தை ஒருமுறை தொட்டு, கார்டைக் கிளிக் என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஸ்க்ரூ, வயர், பிறகு மொனிட்டர் கேபிள். அந்தக் கேபிளை மதர்போட்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். "புதுக் கார்ட் போட்டும் வேகமே இல்லை" என்று வரும் முறைப்பாடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களில் இருந்தே இறக்குங்கள்.

யூடியூப் சோதனைகளில் காட்டும் சூடு, ஏசி அறைக் கணக்கு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே 10 பாகை கூட்டிப் பாருங்கள். ஒற்றை விசிறிக் கார்டை விட இரட்டை விசிறி எடுப்பதும், கேசிங்கின் முன்னும் பின்னும் விசிறி வைப்பதும் அதற்காகத்தான். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் என்றால் கேம் செட்டிங்கில் பிரேமை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 60இல் நிறுத்திவிடுங்கள். கார்டும் குளிரும், கரண்ட் பில்லும் குறையும்.