புரோபயாட்டிக்கும் மார்பகப் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோபயாட்டிக் எனப்படும் நன்மை தரும் பாக்டீரியா மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அழித்தது என்று படிக்கும்போது, அது எங்கே அழித்தது என்று கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் பயன்பட்டவை எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். 1970-இல் ஒரு நோயாளியின் நுரையீரலைச் சூழ்ந்திருந்த நீரிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றுவரை ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டு வருபவை அவை. ஆய்வகத்தில் பாக்டீரியாவின் சாறு செல்லின்மேல் நேராகப் படுகிறது. நாம் விழுங்கும் பாக்டீரியாவோ இரைப்பை அமிலத்தைத் தாண்டிப் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடுகிறது.

இதற்காக இந்த ஆய்வுகளை வெற்றுப் பேச்சென்று ஒதுக்குவதும் சரியன்று. கல்லீரல் ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண்பால் ஹார்மோனை வேறொரு பொருளுடன் பிணைத்துப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள சில பாக்டீரியாக்கள் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்னும் நொதியால் அந்தப் பிணைப்பை அவிழ்க்க, ஈஸ்ட்ரோஜென் மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜெனைச் சார்ந்து வளர்வதால், இந்த வழியை ஆராய்வது மிகவும் தேவையானது என்றே கருதுகிறேன். ஆனால், வழி தெரிந்துவிட்டதாலேயே கடையில் கிடைக்கும் மாத்திரை அவ்வழியில் வேலை செய்யும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

2013-இல் வெளியான ஜப்பானிய ஆய்வையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லாக்டோபேசில்லஸ் கேசீ ஷிரோட்டா என்னும் பாக்டீரியா ரகம் கலந்த பானத்தையும் சோயா உணவையும் இளவயது முதல் தொடர்ந்து உட்கொண்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்ததை அது காட்டியது. நோயுற்றவர்களையும் நலமாயிருப்பவர்களையும் பழைய உணவுப் பழக்கத்தை நினைவுகூரச் செய்து ஒப்பிட்ட ஆய்வு அது. தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிறுவாது. நோய் வந்தபின் அருந்தினால் குணமாகும் என்று அது சொல்லவே இல்லை. ஒரு ரகத்தில் கண்ட விளைவை வேறு ரகத்துக்குப் பொருத்துவதும் தவறே.

எனக்கு மிகுந்த கவலை தருவது, "பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை" என்ற எண்ணம். கீமோதெரபியால் நியூட்ரோபில் என்னும், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்போதும், மருந்து ஏற்ற மையச் சிரையில் (இதயத்தருகே உள்ள பெரிய இரத்தக்குழாயில்) குழாய் பொருத்தப்பட்டிருக்கும்போதும், உயிருள்ள இந்த நுண்ணுயிரிகள் அரிதாக இரத்தத்தில் புகுந்து கடும் தொற்றை உண்டாக்கியிருக்கின்றன. புரோபயாட்டிக்காகத் தரப்படும் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்னும் ஈஸ்ட்டை இத்தகைய நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்துள்ளது. புரோபயாட்டிக்கை நம்பி அறுவை சிகிச்சையையோ கீமோதெரபியையோ தள்ளிப்போடுவது எல்லாவற்றிலும் பெரிய கேடு.

ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள், மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று மறைக்காமல், உறையையே எடுத்துச்சென்று காட்டலாம். கீமோதெரபி காலத்தில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, எந்த புரோபயாட்டிக்கை எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.