பாதிக் கடலை: கைக்குழந்தையோடு பொங்கலுக்கு ஊருக்கு வருபவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வீடு கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. பொங்கல் வந்தால் போகிக்கு முதல் நாள் ராத்திரியே ஓசூர், பெங்களூரு கார்கள் ஒவ்வொன்றாக வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். இந்த வருடம் என் ஓரகத்தி முதல் குழந்தையோடு வந்தாள். பாப்பாவுக்கு 14 மாதம். நாலு நாளும் அடுப்படியில் இருந்துகொண்டே அவளைக் கவனித்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் செய்தாள். சிலதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் அதிரசத்துக்கு வைத்த பாகை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அது பின்னால் வருகிறது.

டயாபர் பத்தவில்லை, ஸ்வெட்டரை மறந்துவிட்டோம், சரிகைப் பாவாடை கழுத்தை அறுக்கிறது என்பதெல்லாம் இங்கே இல்லை. ஒரு தடவை பட்டால் அவை தானாகப் புரிந்துவிடும்.

“போ, தாத்தாகிட்ட போ”

எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு வேற்றுமுகம் வந்துவிடும். ஒன்றரை வயதுவரைகூட அது இருக்கும். ஆறு மாதத்தில் யார் கூப்பிட்டாலும் தாவிய குழந்தை, பொங்கலுக்கு வந்ததும் தாத்தாவின் மீசையைப் பார்த்து அலறும். வளர்ச்சி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வீட்டில் அதற்கு வேறு பெயர்: “புள்ளைய அண்டவிடாம வளத்திருக்கா.”

இந்தப் பேச்சுக்குப் பயந்து நான் என் பெரியவனைப் பிடுங்கிப் பிடுங்கி ஒவ்வொரு மடியிலும் உட்காரவைத்தேன். அழுதான். முதுகில் ஒன்று வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவன் தப்பு செய்யவில்லை, எனக்குத்தான் நாலு பேர் முன்னால் நல்ல மருமகளாகத் தெரிய வேண்டியிருந்தது.

முதல் அரை மணி நேரம் குழந்தை உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு பேசட்டும், குழந்தையை நேராகப் பார்க்கக்கூட வேண்டாம். இரண்டாம் நாள் அதுவாகவே போய் அவருடைய துண்டைப் பிடித்து இழுக்கும். எங்கள் பாப்பா மூன்றாம் நாள்தான் போனாள். அதற்கப்புறம் அவரை விடவில்லை.

போகிப் புகை

டயர் எரிகிற தெருவுக்குள் விடிகாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

பாதிக் கடலை

எங்கள் பக்கம் ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலைக்காய் (நிலக்கடலை) கார்த்திகைக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். பொங்கல் சமயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் மூலையில் ஒரு மூட்டை சாய்ந்திருக்கும். திண்ணையில் யாராவது முறத்தை வைத்துக்கொண்டு உரித்தபடியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

என் பெரியவனுக்கு அப்போது ஒரு வயது ஏழு மாதம். மாட்டுப் பொங்கல் சாயங்காலம். மாமியாரின் அக்காவை நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். அவர் மணலில் வறுத்த கடலையைத் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, இரண்டாகப் பிளந்து, முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு அவன் வாயில் வைத்தார். முழுசாகக் கொடுக்கவில்லை, பாதிதான். அவ்வளவு பக்குவமாகத்தான் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “வேண்டாம் பெரியத்தை” என்று நாக்கு நுனிவரை வந்தது. கல்யாணமாகி எனக்கு அது மூன்றாவது பொங்கல். சுற்றிலும் பதினைந்து பேர். வாயை மூடிக்கொண்டேன்.

கொம்பில் புதுப் பெயிண்டும் கழுத்தில் பலூனுமாக மாட்டை வெளியே பிடித்து வந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவன் குலுங்கிச் சிரித்தான், அப்படியே இருமினான். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. இரண்டு நிமிடம் இருந்திருக்கும். தலையில் தட்டினார்கள். “புரை ஏறிடுச்சு, யாரோ நெனைக்கிறாங்க” என்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சரியாகிவிட்டான். திரும்ப மாட்டைப் பார்க்க ஓடினான்.

மறுநாளிலிருந்து இருமல். பனி என்றோம். சிரப் கொடுத்தோம், ஆவி பிடிக்க வைத்தோம். ஒரு டாக்டர் சளி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். மூச்சு விடும்போது சின்னதாக ஒரு விசில் சத்தம் வந்தது. ஒன்பது நாள் இப்படியே போனது. வேறொரு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வலது பக்கமும் இடது பக்கமும் மாற்றி மாற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “இது ஆரம்பிச்சதுக்கு முன்னாடி எப்பவாவது புரை ஏறிச்சா?” எனக்கு அந்த இடத்திலேயே கால் ஆடியது.

விஷயம் இதுதான். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. காசோ ஊக்கோ என்றால் பளிச்சென்று தெரியும், கடலை தெரியாது. அது அடைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து நுரையீரலில் காற்று உள்ளே போகும், வெளியே வர முடியாது. அதனால் அந்தப் பக்கம் உப்பித் தெரியலாம். அதைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும், சில சமயம் அதுவும் தெரியாது. மூச்சுக்குழாயின் வலது கிளை கொஞ்சம் அகலமாகவும் நேராகவும் இறங்குவதால் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். ஈரத்தில் ஊறிப் பெருக்கும், அதன் எண்ணெய் பட்டுச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும். நாள் ஆக ஆக எடுப்பது கஷ்டம்.

சேலத்துக்குக் கொண்டுபோனோம். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். ஓரமெல்லாம் மசிந்து, வேகவைத்த கடலை மாதிரி வெளுத்துப்போய் இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அந்த வருடம் கடலை விற்ற காசு முழுக்க அந்தப் பாதிக் கடலையை எடுக்கவே போனது. மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியத்தை ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பாவம், அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. தெரிந்திருந்தும் சும்மா நின்றவள் நான்.

முன்பல்லால் கடலையைக் கடிக்கலாம், அரைக்க முடியாது. முதல் கடைவாய்ப்பல் ஒரு வயதுக்கு மேல்தான் வரும், இரண்டாவது வர இரண்டு வயது தாண்டும். பல் வந்த பிறகும், மென்று முடிக்கிற வரை ஓடாமல் சிரிக்காமல் இருக்கிற புத்தி வர வேண்டுமே. அதனால் ஐந்து வயது ஆகும்வரை முழுக்கடலை, பாதிக்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி எதுவும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சீத்தாப்பழத்தில் கொட்டையை எடுத்துவிடுங்கள். கரும்பைக் கையில் கொடுக்காதீர்கள், சாறாகக் கொடுங்கள். தட்டை மாதிரி நம் வீட்டில் சுடும் நிப்பட்டிலும் உடைத்த கடலை இருக்கிறது, அதை மறந்துவிடுவோம். கடலை விஷமில்லை, அதன் வடிவம்தான் வினை. நன்றாக மாவாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தால் சத்துதான்.

புரை ஏறினால்: குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், இருமவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், வாய்க்குள் குருட்டாம்போக்கில் விரலை விடவே வேண்டாம், உள்ளே தள்ளிவிடும். சத்தமே வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒருவர் 108 கூப்பிடட்டும், இன்னொருவர் உடனே இறங்கட்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டிவிட்டு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். படித்தால் மட்டும் கை வராது, தெரிந்த நர்ஸிடம் பொம்மையை வைத்தாவது ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

குழந்தை தேறிவிட்டாலும், அப்புறம் இருமலோ விசிலோ தொடங்கினால், டாக்டரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “இன்ன நாள், கடலை சாப்பிடும்போது புரை ஏறிச்சு.” அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

“நாங்கெல்லாம் தின்னு வளரலையா?” என்பார்கள். வருடா வருடம் கேட்கிறேன், வருடா வருடம் எரிச்சல் வருகிறது. வளராமல் போனவர்கள் திண்ணைக்கு வந்து சொல்லப் போவதில்லையே.

இந்த வருடம் கொடுத்தது பெரியவர்கள் யாரும் இல்லை. என் கொழுந்தனே பாப்பாவின் உள்ளங்கையில் நாலு கடலையை வைத்தான். ஓரகத்தி பார்த்தாள். மாமியார் பக்கம் ஒரு பார்வை, அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவைப் பார்த்துத்தான் நான் ஓடினேன். கையைத் தட்டிவிட்டதில் கடலை திண்ணை முழுக்கச் சிதறியது, கொழுந்தனுக்கு முகம் சுருங்கிப்போனது. பாகு கல்லாகிவிட்டது. பரவாயில்லை.

கூச்சப்படுபவர்களுக்கு ஒரு வழி: மறுக்காதீர்கள், கையில் வேறொன்றைக் கொடுங்கள். “அத்தை, அவளுக்கு இந்த வாழைப்பழத்தை நீங்க ஊட்டினாத்தான் எறங்கும்.” ஊட்டுகிற ஆசைதான் அவர்களுக்கு, கடலையே வேண்டும் என்று இல்லை.

எருது விடும் விழா

கைக்குழந்தையோடு கூடாது. மாடியில் நின்று பார்த்தாலும் கூடாது, பாதி மாடிகளுக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை.

காணும் பொங்கலுக்கு ஒகேனக்கல்

இரண்டு வயதுக்குள் குழந்தையா? வீட்டிலேயே இருங்கள்.

“தண்ணிய நல்லா கொதிக்க வெச்சுட்டேன்”

என் முன்பல்லில் பழுப்பாகக் கோடு கோடாக இருக்கும். என் வயதுக்காரர்கள் பலருக்கு இருக்கிறது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. இரண்டு மாவட்டத்துக்கும் பொதுச்சொத்து இந்தப் பல். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறந்தார்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். பால் பவுடரைப் போர் தண்ணீரில் கலக்குவது, கஞ்சியை அதிலேயே காய்ச்சுவது இரண்டும் சேர்ந்தால் குழந்தைக்குப் போகும் அளவு கூடிவிடும். நாலு நாள் பொங்கலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, வருடா வருடம் அதையே செய்வதுதான் தவறு. நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள்தான். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகக் குடத்தில் பிடித்து வையுங்கள், அல்லது ஆர்.ஓ. தண்ணீர். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் போதும்.

காய்ச்சல் மருந்து

பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் வழக்கமாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லியில் 120, 125 அல்லது 250. ஊரில் அவசரத்துக்கு வாங்கியது சொட்டு மருந்தா இருந்து, வீட்டில் பழகிய ஸ்பூனால் ஐந்து மில்லி ஊற்றிவிட்டால் 500 போய்விடும். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150தான் கணக்கு. பாட்டிலையும் அதோடு வந்த அளவியையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். பெரியவன் விஷயத்தில் நான் ஊற்றப் போனேன், கடைக்காரப் பையன்தான் கையைப் பிடித்தான்.

கிளம்பும் நாள்

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். சடன் பிரேக் போட்டால் பிடித்து நிறுத்தும் பலம் எந்தத் தாயின் கைக்கும் கிடையாது. பின் சீட்டில் குழந்தைக்கென்று இருக்கிற சீட், அழுதாலும் அதில்தான். சாயங்காலம் கிளம்பினால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலேயே இருட்டிவிடும், அப்புறம் கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளிவரை ஊர்ந்துதான் போக வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும், தூக்கம் வருகிற நேரம் பார்த்து ஏறிவிடுங்கள்.

மாமியார் வழக்கம்போல ஐந்து கிலோ கடலைக்காயைப் பையில் கட்டிக்கொடுத்தார். கொழுந்தன் அதைப் பின் சீட்டில், பாப்பாவின் காலடியில் வைத்தான். ஓரகத்தி ஒன்றும் சொல்லாமல் இறங்கி, பையை எடுத்து, வாயை இன்னொரு முடிச்சுப் போட்டு டிக்கியில் தள்ளினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.