ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஒத்த சொற்களோடு பட்டியலாக மனப்பாடம் செய்யும் வழக்கம் நம் மாணவர்களிடமும் போட்டித் தேர்வுக்குப் படிப்போரிடமும் வேரூன்றியிருக்கிறது. தேர்வில் மதிப்பெண் பெற அது உதவும். ஆனால் எந்தச் சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்பதை அது கற்றுத் தராது. ஆகவே, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ் வினையை எடுத்துக்கொண்டு, ஆங்கிலம் அதை எத்தனையாகப் பிரிக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

'பார்' என்பதை எடுத்துக்கொள்வோம். கண்ணில் தானாகப் படுவது 'சீ'. வேண்டுமென்றே ஒன்றின் பக்கம் கண்ணைத் திருப்புவது 'லுக் அட்'. நடந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. தெருமுனையில் பேருந்து தென்பட்டால் முதலாவது, சுவரில் மாட்டிய படத்தை நோக்கினால் இரண்டாவது, தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆட்டம் என்றால் மூன்றாவது பொருந்தும். 'கேள்' என்ற வினையும் இப்படியே 'ஹியர்', 'லிசன் டு', 'ஆஸ்க்' என்று பிரிகிறது.

அடுத்து, சொல் அன்றாடப் பேச்சுக்கு உரியதா, அலுவல் முறைக்கு உரியதா என்பதைக் கவனியுங்கள். 1066இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் ஆங்கிலத்தில் கலந்தன. கல்வியின் வழியாக லத்தீனும் வந்து சேர்ந்தது. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல், 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெராகேட்' லத்தீனிலிருந்து வந்தது. முதலாவதை யாரிடமும் எதற்கும் பயன்படுத்தலாம். இரண்டாவது வினையாக வரும்போது ஐயமோ அதிகாரமோ உடன் வரும். மூன்றாவது காவல்துறை விசாரணைக்கு உரியது. 'பை', 'பர்ச்சேஸ்' ஆகியவற்றுக்கிடையிலும் இதே இடைவெளி உண்டு. காய்கறி வாங்கியதைச் சொல்ல 'பை' போதும். 'பர்ச்சேஸ்' அலுவலகக் கோப்பில் பொருந்தும். கனமான சொல்தான் நல்ல ஆங்கிலம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுவது மிகவும் நல்லது.

புகழ்ச்சியும் குறையும் ஒத்த சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒல்லியானவரை 'ஸ்லிம்' என்றால் மகிழ்வார், 'ஸ்கின்னி' என்றால் முகம் சுருங்கும்.

அன்றாடத் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல், அவை பயன்படும் சூழலை வைத்து மாற்ற வேண்டும். தவறுதலாகக் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்கும்போது நாம் சொல்லும் 'பரவாயில்லை', ஆங்கிலத்தில் 'தட்ஸ் ஆல் ரைட்'. இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்பவரிடம் சொல்லும் 'பரவாயில்லை, போதும்', 'ஐ அம் ஃபைன், தேங்க்ஸ்'. படம் எப்படி என்ற கேள்விக்கு வரும் 'பரவாயில்லை', 'நாட் பேட்'. அதுபோல, தொலைபேசியை எடுத்ததும் நாம் மரியாதையாகச் சொல்லும் 'சொல்லுங்க' என்பதை 'டெல் மீ' என்று மாற்றினால், அந்த மரியாதை அதில் வருவதில்லை. 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?' என்பதே ஏற்றது.

புதிய சொல்லைக் குறித்துவைக்கும்போது பொருளை மட்டும் எழுதாமல், மாணவர்க்கான அகராதியில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். அதன் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் அமையுங்கள். பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸ் என்னும் ஒத்த சொற்களின் தொகுப்பு நூல், சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுத்ததே தவிர அவற்றுக்கு விளக்கம் தரவில்லை. அத்தகைய நூல்களில் கிடைக்கும் சொல் புதியதாக இருந்தால், அகராதியில் சரிபார்த்த பிறகே கடிதத்தில் எழுதுங்கள்.