பூனை மறைக்கும் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

வலியை மறைப்பது பூனையின் பிறவிக் குணம். குர்குர் என்று சத்தம் போட்டுக்கொண்டு மடியில் படுத்திருந்தாலும் சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது; வலியிலும் அது அப்படிச் சத்தம் போடும். அதனால் நான் நம்புவது, அது மலசலம் கழிக்கும் மணல் தட்டைத்தான்.

காலையில் எங்கள் கறுப்பனின் தட்டை அள்ளும்போது சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகளைப் பார்ப்பேன். வழக்கமாக எத்தனை, எவ்வளவு பெரிது என்பது கொஞ்ச நாளில் கைக்கே பழகிவிடும். கட்டி பெரிதாகி, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியானால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கோலிக்குண்டு அளவில் நிறையக் கிடந்தால் சிறுநீர்ப்பையில் கோளாறு இருக்கலாம்.

ஆண் பூனை தட்டுக்குப் போய்ப் போய்க் குந்தி, முக்கி, சொட்டுக்கூட வராமல் திரும்புகிறதா? மலச்சிக்கல் என்று நினைத்து விடியட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மெத்தையில் பெய்தால் பழிவாங்குகிறது என்பார்கள். பாவம், அதற்கு வலி இருக்கும். அல்லது தட்டு நாறும். அல்லது தட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு பூனை மறித்து உட்கார்ந்திருக்கும். திட்டினால் பயந்து வேறு மூலையைத் தேடும், அவ்வளவுதான். இரண்டு பூனை இருந்தால் மூன்று தட்டு வையுங்கள், தள்ளித் தள்ளி.

வயதான பூனை ஜன்னலுக்கு ஒரே தாவாகத் தாவாமல் நாற்காலியில் ஏறி, நின்று, பிறகு போகிறது என்றால் மூட்டுவலியைச் சந்தேகியுங்கள். முதுகின் பின்பக்கம் முடி திரிதிரியாக இருந்தால், அங்கே திரும்பி நக்க முடியவில்லை என்று அர்த்தம். அதற்காகப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

குண்டுப் பூனை இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கலாம், காத்திருக்க வேண்டாம். நன்றாகத் தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30க்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் பேசுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே போக வேண்டும்.

பூனையைத் தூக்கிப் போகும் கூண்டுக் கூடையைப் பரணில் போடாமல், அது படுக்கும் துணியை உள்ளே விரித்து எப்போதும் திறந்தே வைத்திருங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் கட்டிலுக்கடியில் துரத்த வேண்டியிராது.