கூட்டுத் தடுப்பூசிக்காகக் கைக்குழந்தையுடன் எல்லை தாண்டுவோருக்கு

'அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி' என்பது எல்லா நாட்டிலும் ஒரே மருந்தைக் குறிப்பதில்லை. ஓரிடத்தில் அது தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் (நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் பாக்டீரியா). இன்னோரிடத்தில் ஹெபடைடிஸ் பி இருக்காது, அதற்குப் பதில் போலியோ இருக்கும். ஆறு நோய் ஊசியில் இரண்டும் உண்டு. ஆகவே கிளினிக்குக்கு போன் செய்யும்போது எத்தனை நோய்க்கு என்று மட்டும் கேட்காமல் மருந்தின் பிராண்ட் பெயரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கக்குவான் பகுதி முழு செல்லா (கொல்லப்பட்ட கிருமி முழுதாக இருப்பது), அசெல்லுலரா (கிருமியின் சில பகுதிகள் மட்டும் இருப்பது) என்றும் கேளுங்கள். அசெல்லுலரில் காய்ச்சலும் தொடை வீக்கமும் குறைவு. இதற்காகவே எல்லை தாண்டுவோரும் உண்டு.

முதல் தவணையை 6 வாரம் நிறைந்த பிறகே போடலாம். அடுத்த தவணைக்கு நடுவில் குறைந்தது 4 வாரம் வேண்டும். பொதுவாக 3 தவணை, ஒரு வயதுக்குப் பிறகு ஒரு பூஸ்டர். ஆக நான்கு பயணம். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட், ஒரே ஒரு முறை நுழைய விடும் விசாவா பலமுறை விடுவதா, பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் தேவையா: இவற்றை நான்கு பயணத்துக்கும் சேர்த்து இப்போதே பாருங்கள். எல்லாத் தவணைக்கும் அதே மருந்தை ஒதுக்கி வைப்பார்களா என்று கேளுங்கள். இடையில் தட்டுப்பாடு வந்து தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இந்த ஊசியில் சேராது. அதன் முதல் தவணைக்கு வயது வரம்பு உண்டு. பயணத்துக்காகத் தள்ளிப்போட்டால் வாய்ப்பே போய்விடலாம். அதை உள்ளூரிலேயே முடித்துவிடுங்கள்.

மருந்தை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரும் யோசனை வேண்டாம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. ஐஸில் பட்டு உறைந்தால் வீரியம் போய்விடும், பார்வைக்கு அது தெரியாமலும் போகலாம்.

லேசான சளிக்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் முந்தைய தவணைக்குப் பிறகு கடும் ஒவ்வாமையோ வலிப்போ வந்திருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஊசி போட்ட பிறகு மூச்சைக் கண்காணிக்க வேண்டியிருக்கலாம்; அதற்கு உள்ளூர் மருத்துவமனையே சரி.

சில பிராண்டுகளில் ஹிப் பகுதி தனிக் குப்பியில் பொடியாக வரும். சிரிஞ்சில் உள்ள திரவத்தை அதில் கலந்துதான் போட வேண்டும். திரவத்தை மட்டும் போட்டுவிடும் தவறு நடப்பதுண்டு. போட்டால் ஹிப் பாதுகாப்பு கிடைக்காது. நர்ஸ் கலப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதில் தப்பில்லை. ஊசி தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போடப்படும்.

போட்ட பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருங்கள். திரும்பும் பயணம் நீளமென்றால் ஓர் இரவு தங்குவது நல்லது. காய்ச்சல் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான் வரும். பாராசிட்டமால் தேவைப்பட்டால் அங்கே வாங்கும் பாட்டிலை நம் ஊர்க் கணக்கில் ஊற்றாதீர்கள். டாக்டர் 75 மி.கி. எழுதியிருந்தால், 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது சுமார் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் முக்கால் மி.லி. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்காகிவிடும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரிக்கு மேல் போனாலோ, 3 மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் அழுதாலோ டாக்டரைக் கேளுங்கள். துவண்டு விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ நேரே மருத்துவமனை.

கிளினிக்கிலிருந்து கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். பிராண்ட் பெயர், பேட்ச் எண், எந்தத் தொடை, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல், இன்னொரு நாட்டில் மார்ச். ஊர் திரும்பியதும் அதை உள்ளூர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே குழந்தை ஊசி போடாத கணக்கிலேயே இருக்கும், அதே தவணையை மறுபடி போட்டுவிடுவார்கள்.